கேள்விக்கு முன் ஒரு வாய் தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

புத்தாண்டுக்குக் கட்சி அலுவலகத்தில் கொடுத்த டைரி இத்தனை நாளும் கேஸ் புத்தகத்துக்கு அடியில் கிடந்தது. இன்று முதல் எழுதலாம் என்றிருக்கிறேன். எனக்கு ஒரு மாணவர் கிடைத்திருக்கிறார்.

மாணவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் முத்துக்கருப்பணன். குடிநீர் வழங்கல் துறை அமைச்சர். போன வாரம் ஒரு நிருபர் அவரிடம், "உங்க தொகுதியில சாலையெல்லாம் மோசமா இருக்குன்னு மக்கள் சொல்றாங்களே?" என்று மைக்கை நீட்டியிருக்கிறார். அமைச்சர், "மோசந்தான். நானே வண்டியோட பள்ளத்துல விழுந்தேன். இன்னும் இடுப்பு வலி போகல" என்று சொல்லி, இடுப்பையும் தொட்டுக் காட்டிவிட்டார். அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் தமிழ்நாட்டில் பாக்கியில்லை. உடனே கட்சி அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு.

தெய்வசிகாமணி என்றால் பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் நிருபராக இருந்து மந்திரிகளைக் கேள்வி கேட்டவன்தான். இப்போது அதே கேள்விகளுக்குப் பதில் வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் இதில்தான் ஒழுங்காக வருகிறது.

மனைவி சுகந்தி கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

முதல் வகுப்பு, அமைச்சர் வீட்டு மாடியில். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். அதுதான் சிக்கல். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து நிற்கிறது.

"வாத்தியாரே, ஒருத்தன் மணி என்னன்னு கேட்டா என்னதான்யா சொல்றது?" என்றார்.

"முதல்ல 'நல்ல கேள்வி'ன்னு சொல்லணும்ணே."

"அப்புறம்?"

"நேரம் எவ்வளவு அருமையானதுன்னு ரெண்டு வார்த்தை. போன ஆட்சியில எவ்வளவு நேரம் வீணாச்சுன்னு ரெண்டு வார்த்தை."

"மணி?"

"அதுக்குள்ள அவங்க அடுத்த கேள்விக்குப் போயிருப்பாங்கண்ணே."

வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, "கேட்டவனுக்குப் பஸ்ஸு போயிருக்குமேய்யா" என்றார். நல்ல மனிதர். ரொம்ப வேலை இருக்கிறது.

மார்ச் 8, சனி

அக்கா போன் செய்தாள். ருக்குமணியக்காவுக்கு ஓடைப்புதூர்தான் வாழ்க்கைப்பட்ட ஊர். மாமா போன பிறகும் அங்கேயே இருக்கிறாள். மகள் பிருந்தாவுக்கு ஏழாம் மாதம். 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு. சம்பந்தி வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போய், சீர் செய்து, பிள்ளையைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டி வருகிற நாள். தாய்மாமன் இல்லாமல் நடக்காது.

"நீ இல்லாட்டி நா நடத்தவே மாட்டேன் ஆமா" என்றாள். வருகிறேன் என்றேன்.

பிறகு, "ஏன்டா கண்ணு, இங்க கொழாத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. வெள்ளைத் துணி தொவச்சா நெறம் மாறுது. சாயப்பட்டறைக்காரன் ஓடைல உட்டுப்போட்டானோ என்னமோன்னு வீதியில பேசிக்கிறாங்க. நீ அந்த மந்திரிகிட்டத்தான இருக்கற, சித்த விசாரிச்சுச் சொல்லு. புள்ளைத்தாச்சி வர்றா" என்றாள்.

விசாரிக்கிறேன் என்றேன்.

மார்ச் 10, திங்கள்

விசாரித்தேன். அந்தப் பகுதிப் பொறியாளரே அலுவலகத்துக்குப் போன் செய்தார். "எழுத்துல போட்டா நாளைக்கு எவனாவது கேட்டு வாங்கிருவான் சார். அதனால வாயால சொல்றேன்" என்று ஆரம்பித்தார். விவரம் தெரிந்த அதிகாரி.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் கிணற்றில் சாயக்கழிவு இறங்கியிருக்கிறது. வேறு ஏற்பாடு ஆகும்வரை குடிக்கக் கூடாது.

"காய்ச்சிக் குடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"காய்ச்சினா கிருமிதான் சார் சாகும். இது உலோகம். வத்த வத்த இன்னும் கெட்டியாகும்."

நன்றி சொல்லி வைத்தேன். கட்சி அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். அங்கே உள்ளாட்சி இடைத்தேர்தல் பொறுப்பில் இருக்கும் செயலாளர், "ஏப்ரல் கடைசி வரைக்கும் இது யாருக்கும் தெரிய வேண்டாம். உங்க அமைச்சர் வாய் உங்க பொறுப்பு" என்றார். ஓடைப்புதூர் வட்டாரத்திலும் தேர்தல் இருக்கிறது. சாயப்பட்டறைக்காரர்களும் நம் கட்சிக்காரர்கள்தான்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு சர்வீஸ் ஆளை வரச் சொன்னேன். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட வேலை.

மார்ச் 13, வியாழன்

இன்று தம்ளர் பாடம்.

எந்தப் பேட்டியிலும் விருந்தினர் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருப்பார்கள். அது தாகத்துக்கு என்று நினைக்கிறவர் அரசியலில் நிலைக்க மாட்டார். சிக்கலான கேள்வி வந்தால் கை தம்ளருக்குப் போக வேண்டும். எடுத்து, ஒரு வாய் குடித்து, நிதானமாகக் கீழே வைப்பதற்குள் என்ன சொல்வது என்று யோசித்துவிடலாம். பார்க்கிறவனுக்கோ, 'எவ்வளவு அமைதியான மனிதர்' என்று தோன்றும்.

"ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாதுண்ணே" என்றேன். "எடுத்தா குடிச்சே ஆகணும். பாதியில கீழ வெச்சா பயந்துட்டோம்னு அர்த்தம். கேமரா அதத்தான் திரும்பத் திரும்பப் போடும்."

மதியம் வரை நான் கேள்வி கேட்க அவர் குடித்தார். சாலை என்றால் ஒரு வாய். ஊழல் என்றால் ஒரு வாய். மருமகன் என்றால் இரண்டு வாய். நடுவில் நாலைந்து தடவை எழுந்து பின்பக்கம் போய்வந்தார். கடைசியில் நான் கேள்வி கேட்க வாயெடுப்பதற்குள் கை தானாகத் தம்ளருக்குப் போனது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

மார்ச் 15, சனி

அக்கா மறுபடி கூப்பிட்டாள். "விசாரிச்சயாடா? தண்ணி குடிக்கலாமா, கூடாதா?"

"நல்ல கேள்விக்கா" என்றேன். "துறை சார்பா ஆய்வு நடந்துக்கிட்டு இருக்கு. மக்கள் உடல்நலத்துலதான் அரசாங்கத்துக்கு முதல் அக்கறை."

அக்கா சிரித்தாள். "என்னடா வாத்தியாராட்டம் நல்ல கேள்வி, கெட்ட கேள்வின்னுட்டு! செரி உடு. ஏதாச்சும் இருந்தா என்ர தம்பி எங்கிட்ட சொல்லமாண்டானா? பக்கத்து ஊட்டு மரகதம் கேன் தண்ணி வாங்கறாளாமா. ஏன்டி காசக் கரியாக்கற, என்ர தம்பி மந்திரிகிட்டயே இருக்கறான்னு சொன்னேன். நிறுத்திப்போட்டா."

சுகந்தி பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணிகிட்ட என்ன சொன்னீங்க?"

"பேசினேன்."

"என்ன பேசினீங்கன்னு கேட்டேன்."

பல விஷயங்கள் பேசினோம் என்றேன். அவள் வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாம்பாரில் உப்பே இல்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தேன்.

மார்ச் 17, திங்கள்

அமைச்சர் மனைவி போன் செய்தார். குரலில் காரம். "என் வீட்டுக்காரரை என்னங்க செஞ்சு வெச்சிருக்கீங்க? தோசை வேணுமா, இட்லி வேணுமான்னு கேட்டா, 'நல்ல கேள்வி'ங்கிறாரு. ஒரு வாய் தண்ணி குடிக்கிறாரு. போன ஆட்சியில வீட்டுல சட்னியே இல்லன்னு சொல்றாரு. போன ஆட்சியிலயும் நாந்தாங்க சமைச்சேன்!"

மன்னிப்புக் கேட்டேன். வைத்தபிறகு நானும் சுகந்தியும் சிரித்தோம். இல்லை, நான் சிரித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

சின்ன முட்டுக்கட்டை. ஓடைப்புதூர் விஷயம் எப்படியோ அமைச்சர் காதுக்குப் போய்விட்டது. பாடம் நடத்தப் போனால் மனிதர் உட்காரவே இல்லை. மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"சொல்லிருவோம்யா. குடிக்கிற தண்ணிய்யா அது. பச்சப்புள்ள குடிக்கும், வயசானவுக குடிப்பாக."

"சொல்லலாம்ணே. நேரம் பாத்துச் சொல்லணும். இப்பச் சொன்னா பீதி கிளம்பும். மாத்து ஏற்பாடு பண்ணிட்டு, அதோட சேத்து அறிவிச்சா நல்ல செய்தியா இருக்கும். கெட்ட செய்திய ஏன் தனியா விடணும்?"

நான் பேசியதில் ஒரு ஓட்டை கிடையாது. எனக்கே கேட்கச் சுகமாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"ஒனக்கு அந்தப் பக்கந்தான ஊரு?"

"அக்கா இருக்காங்கண்ணே. ஓடைப்புதூர்லயே."

"சொல்லிட்டியா?"

"ஆபீஸ் விஷயத்த வீட்டுல பேசறது இல்லண்ணே."

திரும்பி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "பெரிய ஆளுய்யா நீ" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார்.

மார்ச் 20, வியாழன்

ஓடைப்புதூரில் கேன் தண்ணீர் போடுகிற ஆளின் நம்பரைத் தேடிப் பிடித்து, அக்கா வீட்டுக்குத் தினமும் கேன் போடச் சொன்னேன். தாய்மாமன் சீர் என்று சொல்லச் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. கோடை வருகிறது, யாரும் செய்கிற காரியம்தான்.

சட்டைகள் இஸ்திரிக்குப் போட்டேன். பல்வலி.

மார்ச் 23, ஞாயிறு

கட்டுச்சோறு நல்லபடியாக நடந்தது. ஓடைப்புதூரில் விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, கதம்பச் சோறு என்று அக்கா அடுக்கடுக்காகக் கிளறி வைத்திருந்தாள். வேனில் வைத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். நான் பிருந்தாவுக்குப் பட்டுப்புடவை வைத்துக் கொடுத்து, கைநிறைய வளையல் போட்டேன். பிள்ளைக்கு முகம் பூரித்துக் கிடந்தது. குனிந்து காலைத் தொட வந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தேன்.

சாயங்காலம் ஓடைப்புதூருக்குக் கூட்டி வந்தோம். ஆரத்தி எடுத்து உள்ளே போனதும், அக்கா எல்லோருக்கும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் பக்கம் யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான். அதை வாங்கிக் குடித்த பிறகுதான் வந்த விஷயத்தையே கேட்பார்கள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லிப் பையிலிருந்த பாட்டிலை எடுத்தேன்.

பிருந்தா பார்த்துவிட்டாள். "ஏனுங் மாமா, ஊட்டுக்கு வந்துட்டு பாட்டில் தண்ணி?"

"டாக்டர் சொல்லியிருக்காருடா கண்ணு."

"எந்த டாக்டருங்?"

அதற்குள் யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். நல்லவேளை.

அவள் சொம்பை அண்ணாந்து குடித்தாள். தொண்டையில் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். வீடு முழுக்க ஆள், வீதி முழுக்க ஓட்டு. ஒருத்தியிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி. கிளம்பும்போது அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கேன் தண்ணியையே குடிங்கக்கா, பிருந்தாவுக்கு நல்லது" என்றேன். "ஏன்டா, கொழாத் தண்ணிக்கு என்ன?" என்றாள். "ஒண்ணும் இல்ல, பொதுவாச் சொல்றேன்" என்றேன்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது.

மார்ச் 26, புதன்

அக்கா போனில் ரொம்ப மகிழ்ச்சி. கேன் தண்ணீரில் துணி துவைத்தால் பளிச்சென்று வெளுக்கிறதாம். பிருந்தாவின் துணியெல்லாம் அதில்தான் துவைக்கிறாளாம். "குடிக்கறதுக்கு நல்லால்லடா, சப்புன்னு கெடக்குது. அது மட்டும் கொழாத் தண்ணிதான்."

"குடிக்கறதுக்குத்தானக்கா அனுப்பினேன்."

"அப்பக் கொழாத் தண்ணி கூடாதா? நேரா சொல்லேன்டா."

ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.

"அந்த ஆய்வு எங்க ஊட்டுக்கு எப்ப வரும்?" என்றாள். சிரித்தபடிதான் கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

அமைச்சரின் டிவி பேட்டி முடிவாகிவிட்டது. ஏப்ரல் 2, நேரலை. பேட்டி எடுப்பது ஆதிரை. சின்னப் பெண், ஆனால் குரலை உயர்த்தாமலே ஆளைச் சுருட்டிவிடுவாள். நான் நிருபராக இருந்தபோது எனக்கு அவள் மாதிரி கேட்க வந்ததில்லை. இதை டைரியில் எழுதலாம்.

மாதிரிப் பேட்டி நடத்திப் பார்த்தோம். அமைச்சர் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. இடுப்பைத் தொடவில்லை. "எப்படிய்யா?" என்றார். "தங்கம்ணே" என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "வீட்ல யாரும் எங்கிட்ட பேச மாட்டேங்கிறாகய்யா" என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்கா கூப்பிட்டாள். ஊருக்கு டிவிக்காரர்கள் வந்திருந்தார்களாம். கேமராவோடு ஒரு பையனும், லட்சணமான ஒரு பெண்ணும். "பாவம், வெய்யில்ல வேத்து விறுவிறுத்து வந்துச்சு. உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தேன். குடிக்காம பாட்டில்ல புடிச்சுக்கிட்டாங்க, போற வழிக்குன்னு. என்ர தம்பி மந்திரிகிட்ட இருக்கறான்னு சொன்னேன். உம் பேரெல்லாம் எழுதிக்கிட்டாங்க. நாளைக்கு உங்க மந்திரி டிவியில வர்றாராமல்ல? வீதியே நம்மூட்டுலதான் உக்காந்து பாக்கப் போறோம்."

வெயில் காலம். ஆள் ஊருக்குப் போனால் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவது சகஜம்.

அமைச்சருக்கு வெளிர் நீலச் சட்டை. கட்டம் போட்டது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், திரையில் கண் கூசும்.

ஏப்ரல் 2, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஸ்டுடியோவுக்கு முன்கூட்டியே போனேன். நாற்காலியின் உயரம் பார்த்தேன். விளக்கு பார்த்தேன். சட்டையில் மைக் குத்தும் இடம் பார்த்தேன். மேஜையில் ஒரு கண்ணாடித் தம்ளர், நிறையத் தண்ணீர். அதையும் பார்த்தேன். தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தேன், அவ்வளவுதான். கேமராவுக்குப் பக்கத்தில், அமைச்சர் கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

முதல் பாதி அருமை. சாலை பற்றிக் கேட்டாள். ஒரு வாய் குடிக்கப் போனவர், நான் லேசாகத் தலையசைத்ததும் கையை இழுத்துக்கொண்டார். அது சின்னக் கேள்விதான், தண்ணீரை வீணாக்க வேண்டாம். 'நல்ல கேள்வி' என்றார், போன ஆட்சி என்றார், முடிந்தது. எனக்கு முதுகு நிமிர்ந்தது.

பிறகு ஆதிரை, "ஓடைப்புதூர்ல குடிதண்ணி எப்படி சார் இருக்கு?" என்றாள்.

ஊர் பெயர் வந்ததுமே கை போய்விட்டது. தம்ளரை எடுத்தார். நிதானமாக, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"அது அந்த ஊர்த் தண்ணிதான் சார்" என்றாள் ஆதிரை. குரல் உயரவில்லை. "நேத்து ருக்குமணின்னு ஒரு அம்மா வீட்டுக் குடத்துலருந்து பிடிச்சுட்டு வந்தோம். அவங்க பொண்ணு மாசமா இருக்காங்க. எதுக்கும் பயப்படலயான்னு கேட்டோம். 'என்ர தம்பி மந்திரிகிட்டத்தான் இருக்கறான், ஏதாச்சும் இருந்தா எங்கிட்ட சொல்லமாண்டானா'ன்னு சொன்னாங்க. அதே தண்ணிய நீங்க குடிப்பீங்களா சார்?"

அமைச்சரின் கை நிற்கவில்லை. எடுத்தால் குடித்தே ஆக வேண்டும், பாதியில் வைத்தால் பயந்த மாதிரி. அத்தனை நாள் பழக்கம். தம்ளர் உதட்டருகே போனது. அவர் கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"அண்ணே, குடிக்காதீங்க! குடிக்காதீங்க!"

யார் கத்தியது என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். ஸ்டுடியோ முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கேமராவும் திரும்பியிருந்தது. நான் இரண்டு கையையும் நீட்டி நின்றிருந்தேன்.

அமைச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நனையாத வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தண்ணி குடிக்கக் கூடாதும்மா" என்றார். "சாயக்கழிவு கலந்திருச்சு. காய்ச்சினாலும் போகாது. எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்லல. ஊர்க்காரங்க யாரும் இனி அத வாயில வைக்காதீங்க. நாளைக்குக் காலையில லாரி வரும்."

நல்ல கேள்வி என்று அவர் சொல்லவே இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஓடைப்புதூருக்கு லாரித் தண்ணீர் போய்விட்டது. கிணற்றை மூடிவிட்டார்கள். உண்மையைச் சொன்ன அமைச்சர் என்று எல்லாப் பத்திரிகையிலும் புகழ்ச்சி. கட்சி அலுவலகத்தால் அவரைத் தொட முடியவில்லை. என்னைத் தொட முடிந்தது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நிருபர்கள் அமைச்சரிடம், "கத்தினது யார் சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் சொன்னாரா, என் பெயரைச் சொல்லவே வாய் கூசியதா என்று தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பதிலில் இருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அக்காவுக்கு எத்தனையோ தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. மதியம் பிருந்தா பேசினாள்.

"டிவில உங்க கொரல் கேட்டுச்சுங் மாமா. ஊடு நெறைய ஆளு. அம்மா கையில சொம்பு இருந்துச்சு. அப்பத்தான் எனக்குக் குடுக்க எடுத்துட்டு வந்தாங்க."

"நீ எப்படிக் கண்ணு இருக்கற?"

"ஸ்கேன் எடுத்தமுங். டாக்டரு இப்பக்கி ஒண்ணும் சொல்ல முடியாது, பொறந்தாத்தான் தெரியும்னுட்டாங்க." பிறகு கேட்டாள். "அன்னிக்கு நீங்க பாட்டில் தண்ணி குடிச்சீங்கல்ல மாமா. அப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எனக்குத் தெரிந்த எல்லாப் பதிலையும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. "தெரியும்" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

சுகந்தி, "போய்ப் பாருங்க" என்றாள். இந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஓடைப்புதூர்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போனேன். வீதியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக லாரிக்குக் காத்திருந்தன. குடத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. மரகதம் மட்டும் தன் குடத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். பின்னாலேயே ஒவ்வொருவராக வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றார்கள்.

அக்கா சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரோரம் பித்தளை அண்டா ஒன்று மூடி போட்டு இருந்தது. லாரி வரும் முன் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீராக இருக்க வேண்டும், இன்னும் கொட்டவில்லை. அதற்குப் பக்கத்திலேயே லாரித் தண்ணீர்க் குடமும் இருந்தது. பிருந்தா உள்கதவில் சாய்ந்து நின்றாள். நான் போட்ட வளையல்கள் கையில் இல்லை.

"அக்கா, நான் உங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

அக்கா காதில் வாங்காதவள் மாதிரி உள்ளே திரும்பினாள். பாத்திரச் சத்தம் கேட்டது. சொம்போடு வந்தாள். யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான். என் கையில் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

சொம்புத் தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

"இது எந்தத் தண்ணிக்கா? லாரித் தண்ணியா?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"நல்ல கேள்விடா" என்றாள்.

வாசலில் நின்றவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்ததைப் பாதியில் கீழே வைக்கக் கூடாது என்று மந்திரிக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். சொம்பை மெல்லத் தூக்கினேன். பிருந்தாவைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தேன். குடிக்காதே என்று யாராவது சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

யாரும் சொல்லவில்லை. குடித்தேன்.